பதினைந்து ஆட்டம், பதினைந்து உபயம்

ஞாயிறு, காலை 8.40. பேஸ்வாட்டர்.

எங்கள் காப்பீட்டுக் கம்பெனியில் இலக்கைத் தாண்டிய முகவர்கள் பத்துப் பேரை லண்டனுக்கு அழைத்து வந்திருந்தார்கள். நான்கு நாளில் அரண்மனை, பாலம், கடிகாரக் கோபுரம், மெழுகு பொம்மை எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டார்கள். மற்ற ஒன்பது பேரும் விமானம் ஏறிவிட, நான் மட்டும் சொந்தச் செலவில் மூன்று நாள் கூடுதலாகத் தங்கினேன். காரணம் தேவராசா. எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் பி.காம். படித்தபோது விடுதியில் எனக்கு அறைத்தோழன். யாழ்ப்பாணத்துக்காரன். எண்பத்து நான்கில் அகதியாக லண்டன் வந்து, பத்து வருடத்தில் மோர்டனில் வீடு, கவுன்சிலில் கணக்கர் வேலை என்று நிலைத்துவிட்டான்.

வார இறுதிக்கான ஒருநாள் பயணச்சீட்டு நான்கு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்குச் சற்றுக் கீழே என்று மனம் தானாகவே பெருக்கிப் பார்த்துப் பதறியது. எம்பாங்க்மென்ட்டில் இறங்கி வடக்குப் பாதை என்று பெயர் வைத்த ரயிலைப் பிடித்துத் தெற்கே போனேன். கடைசி நிறுத்தம் மோர்டன். மார்ச் மாதம், வெயில் அடித்தது, ஆனால் அந்த வெயில் எதற்கும் உதவாத வெயில்.

10.15. மோர்டன்.

தேவராசா தோசையும் சம்பலும் போட்டுவிட்டு, சாப்பிட்டு முடிக்கும் முன்பே விஷயத்துக்கு வந்தான். மத்தியானம் என்னை ரக்பி பார்க்கக் கூட்டிப்போகிறானாம். பார்க்க மட்டும் அல்ல, அன்றைக்கு அவனுக்கு வாழ்வா சாவா என்ற நாள்.

ரக்பியில் இரண்டு சாதி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பதினைந்து பேர் ஆடுவது ஒன்று, பதின்மூன்று பேர் ஆடுவது இன்னொன்று. இவனுடையது பதின்மூன்று, பெயர் ரக்பி லீக். ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் வளர்த்த வட இங்கிலாந்து ஆட்டம். லண்டனில் அது ஏறக்குறைய விருந்தாளி. இவனுடைய கிளப்பைக் கட்டட முதலாளி ஒருவர் வருடா வருடம் நஷ்டத்தை விழுங்கிக்கொண்டு நடத்தி வந்தார். அவர் தொழிலே இடிந்து விழுந்ததும் கைகழுவிவிட்டார். அதே நேரத்தில் வடக்கிலிருந்த தலைமையகம் லீக்கையே திருத்தியமைக்கக் கிளம்பியது. தன் சம்பாத்தியத்தில் நிற்கக்கூடிய கிளப்புக்கு மட்டும் இடம், மற்றவை பக்கத்துக் கிளப்போடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு. இவர்களுக்குப் 'பக்கத்து' கிளப் இருநூறு மைல் தள்ளி இருந்தது.

தேவராசாதான் அங்கே சம்பளமில்லாத பொருளாளர். ஆஸ்திரேலியப் பயிற்சியாளரை மரியாதையாக ஊருக்கு அனுப்பி, ஆட்டக்காரர்களையெல்லாம் பகுதிநேரமாக்கிவிட்டான். பிளம்பர், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஞாயிறு வந்து முட்டிக்கொள்கிறார்கள். அப்புறம்தான் அவன் மூளையின் பெரிய வேலை. ஒரே முதலாளியை நம்பினால் இதுதான் கதி, கோயில் திருவிழா மாதிரிப் பிரித்துவிடலாம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறான். வருடத்துக்குப் பதினைந்து சொந்தத் திடல் ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்தின் செலவையும் ஒரு குடும்பமோ கடையோ ஏற்க வேண்டும். நம் ஊரில் மண்டகப்படி என்போம், அவர்கள் உபயம் என்கிறார்கள். அந்த வார்த்தையையே வெள்ளைக்காரக் கமிட்டியும் சொல்லப் பழகிவிட்டது.

அன்றுதான் முதலாவது உபயம். திட்டம் ஓடுமா என்று பார்த்து எழுத, வடக்கிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். டிக்கெட் விற்பனை, கேண்டீன் விற்பனை இரண்டையும் கண்ணால் பார்ப்பாராம்.

"உனக்கு ஏண்டா இந்தத் தலைவலி? பிள்ளைகள்கூட விளையாடுறதில்லையே," என்று கேட்டேன்.

அவன் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னான். வந்த வருடம், விசா முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், ஒரு ஞாயிறு சும்மா நடந்துபோனவன் கூட்டத்தைப் பார்த்து அந்த வாசலில் நின்றிருக்கிறான். பாதி ஆட்டம் முடிந்துவிட்டது, காசு வேண்டாம், உள்ளே போ என்று வாசல்காரர் கைகாட்டியிருக்கிறார். உள்ளே பை என்ற பலகாரம் விற்கிற ஒரு பெண் குளிரில் நடுங்கியவனுக்குத் தேநீர் கொடுத்திருக்கிறாள்.

"லண்டனிலை என்னட்டைப் பேப்பர் கேக்காத முதல் கேட் அதுதான்," என்றான். "அதைப் பூட்ட விட ஏலாது."

12.00. நோர்பரி.

அதிகாரியை வரவேற்கத் தேவராசா முன்னாலேயே திடலுக்குப் போய்விட்டான். என்னை நோர்பரியில் குகனின் பலசரக்குக் கடையில் இறக்கிவிட்டான். முதல் உபயகாரர் குகன்தான். நாற்பது வயது, வாய் நிறையச் சிரிப்பு. அவர் வேனில் நான் வருவதாக ஏற்பாடு.

வேனின் பின்கதவைத் திறந்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஒரு அண்டா புளிச்சாதம், ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல், கூடை கூடையாக வடை, ஒரு பெட்டி மோதகம், காகிதத் தட்டுகள். நானூறு பேருக்குச் சமைத்ததாகக் குகன் சொன்னார். தேவராசாவுக்குத் தெரியாதாம். "உபயமெண்டா சனத்துக்குச் சாப்பாடு குடுக்காமல் எப்பிடி அண்ணை? காசை மட்டும் குடுத்திட்டு நிக்க வெக்கமாய்க் கிடக்கு," என்றார்.

ரொம்ப சரி என்றேன் நான். அதோடு விடாமல், உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்று முதுகிலும் தட்டிக்கொடுத்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

2.00. குரோய்டனுக்குப் போகும் சாலை.

திடல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டப்பந்தயப் பாதைக்கு நடுவே புல், ஒரு பக்கம் மட்டும் கூரை போட்ட பலகை இருக்கைகள். நுழைவு ஐந்து பவுன். அறுநூறு பேர் இருக்கலாம். வாசலுக்கு உள்ளே இடதுபுறம் பை கடை. நம் ஊர் பஃப்ஸ் போல உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம், ஒன்று ஒரு பவுன் இருபது பென்ஸ். அறுபதைத் தாண்டிய மொரீன் என்ற பெண்மணிதான் அங்கே எல்லாம். தேவராசாவுக்கு அன்று தேநீர் கொடுத்தவர் இவரேதான்.

குகன் அந்தக் கடைக்கு நேர் எதிரே மேசை போட்டார். நானும் கரண்டி பிடித்தேன். முதலில் வெள்ளைக்காரர்கள் தயங்கினார்கள். இலவசம் என்று தெரிந்ததும் ஒருவர் வடையைக் கடித்தார், கண் விரிந்தது, திரும்பிப் பார்த்து நண்பர்களைக் கூப்பிட்டார். பத்தே நிமிடத்தில் வரிசை வாசல்வரை நீண்டது. சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் குகன் குடும்பத்தின் பெயர்களை ஒவ்வொன்றாக, ரோகிணி, பூசம், சுவாதி என்று நட்சத்திரத்தோடு, ஒரு தாளைப் பார்த்துத் திணறித் திணறி வாசித்தார். குகன் கைகூப்பி நின்றார்.

2.35-க்கு எதிரே தடாரென்று சத்தம். மொரீன் கடையின் தகட்டுக் கதவை இழுத்து விட்டிருந்தார்.

அப்போதுதான் தேவராசா ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் மழைக்கோட்டும் நோட்டுப் புத்தகமுமாக அந்த அதிகாரி. மேசை, வரிசை, மூடிய கடை என்று மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் ஏதோ எழுதினார். தேவராசா முகத்தில் ரத்தமே இல்லை. டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக இந்தக் கிளப்பை ஓட்டுவது அந்தப் பை கடைதான், தட்டு தட்டாய் விற்கிறதைக் காட்டத்தான் அதிகாரியை இந்தப் பக்கமே கூட்டி வந்தான் என்பது அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கிளப்பைக் காப்பாற்ற வந்த நாங்களே அதன் வருமானத்துக்கு எதிரே உட்கார்ந்து அன்னதானம் செய்துகொண்டிருந்தோம். குகன் கையிலிருந்த வடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

3.00. ஆட்டம்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பந்தை வைத்திருப்பவனைத் தள்ளி வீழ்த்துகிறார்கள், அவன் எழுந்து மறுபடி ஓடுகிறான், ஆறு முறை விழுந்தால் பந்து எதிரிக்கு. எங்கள் பிளம்பர்கள் எதிரிக்குப் பந்து கொடுப்பதில் மிகவும் தாராளமாக இருந்தார்கள். என் கண் ஆட்டத்தில் இல்லை. இருபத்திரண்டு வருடம் காப்பீடு விற்றவனுக்கு ஒன்று தெரியும். மழையானாலும் வெயிலானாலும் முன்கூட்டியே வருகிற பணம்தான் பணம். அதை நினைத்ததும் வழி தெரிந்தது.

இடைவேளைக்குச் சற்று முன் குகனைத் தள்ளிக்கொண்டு மொரீனின் பின்கதவுக்குப் போனேன். அவர் அடுப்பின் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. பன்னிரண்டு வருடத்தில் ஆட்ட நேரத்தில் கடையை மூடியது இதுதான் முதல் தடவை என்றார். என் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருக்கிற பை எல்லாவற்றையும் உபயகாரர் வாங்கிக்கொள்கிறார் என்றேன்.

குகன் என் சட்டையை இழுத்தார். "அண்ணை, மாட்டிறைச்சியை உபயத்திலை குடுக்க ஏலாது," என்றார், பாவமாக.

அதை நான் யோசிக்கவே இல்லை. மொரீனிடம் விளக்கினோம். அவர் எழுந்து கீழ்த்தட்டைத் திறந்தார். சீஸும் வெங்காயமும் மட்டும் வைத்த பை நூற்றிருபது அங்கே ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய வடநாட்டு ஊரில் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவார்களாம், இங்கே யாரும் தொடுவதில்லையாம். குகன் முழுவதையும் முழு விலைக்கு வாங்கினார். இடைவேளையில் கதவு திறந்தது. ஒரு கையில் பை, ஒரு கையில் வடை என்று கூட்டம் சாப்பிட்டது. இறைச்சிப் பையும் தன்பாட்டில் விற்றது. மொரீன் ஒரு மோதகத்தைக் கடித்துப் பார்த்து, உள்ளே என்ன என்று குகனிடம் விசாரித்தார். இனி ஒவ்வொரு உபயகாரரும் இந்த சீஸ் வெங்காயப் பை முந்நூறுக்கு முன்பணம் கட்டிவிடுவது என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

4.40. ஆட்டம் முடிந்து.

நாற்பத்து நான்குக்கு ஆறு. ஆறு எங்களுடையது.

கேண்டீனுக்குப் பக்கத்தில் நின்று அதிகாரி தேவராசாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆட்டத்துக்கு முன்பே கேண்டீன் பணம் வந்துவிடும் என்றால் நல்லதுதான், புரிகிறது. ஆனால் இப்படியே தோற்றுக்கொண்டிருந்தால் அடுத்த வருடமும் இந்தக் குடும்பங்கள் வருமா என்றார். நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

தேவராசா ஆங்கிலத்தில் நிதானமாக, எனக்குக் கேட்காத தாழ்ந்த குரலில் பதில் சொன்னான். அதிகாரி நோட்டில் நீளமாக எழுதிக்கொண்டார். வேனில் ஏறிய பிறகு என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"எங்கட திருவிழாவிலை சாமி வெண்டதோ தோத்ததோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டு சொன்னனான்," என்றான். "தகப்பன் செய்த உபயத்தை மகன் செய்வான். அது அவையின்ர நாள்."

புதன், காலை 7.30. ஹீத்ரோ.

வழியனுப்ப வந்தவன் வேலைக்குப் போகும் உடுப்பில் இருந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு ஃபேக்ஸ் தாளை எடுத்தான். திங்கள் காலையே தலைமையகத்திலிருந்து வந்தது. கிளப் அடுத்த ஒரு ஆட்டப்பருவம் தனியாக இயங்கலாம், ஆனால் பதினைந்து ஆட்டத்துக்கும் உபயகாரர் கையெழுத்து வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். திங்களும் செவ்வாயும் அலைந்து பதினான்கு வாங்கிவிட்டானாம். நோர்பரியில் நகைக்கடைக்காரர், சிங்கப்பூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட டாக்டர் ஒருவர், தெரு முழுக்கச் சேர்ந்து ஒரு வெள்ளைக்காரக் கூட்டம். மிச்சம் ஒன்று. ஜனவரி நடுவில், பனியில், வடக்கின் முரட்டு அணியோடு ஆட்டம். அந்த நாள் யாருக்கும் வேண்டாமாம்.

அவன் கேட்கவில்லை. பேனாவை மட்டும் நீட்டினான். இருபத்திரண்டு வருடம் நான் மற்றவர்களுக்குச் செய்ததை எனக்கே செய்தான். இரண்டு மாதக் கமிஷன் போகும் என்று கணக்குப் போட்டபடியே கையெழுத்துப் போட்டேன்.

"நட்சத்திரம்?" என்றான்.

"அனுஷம்," என்றேன். "பொண்டாட்டிக்கு மகம்."

திருச்சிக்கு வந்து இதைச் சொன்னபோது, நம் கோயிலில் ஒரு நாள் மண்டகப்படி எடுக்க வக்கில்லை, சீமையில் எடுத்தாராம் என்று என் மனைவி நாலு நாள் முனகினாள். எங்கள் ஊரிலும் ஒரு ஹாக்கி கிளப் இருந்தது. ஒரு மில் முதலாளி நடத்தினார். மில் மூடிய வருடமே அந்த மைதானம் கல்யாண மண்டபமாகிவிட்டது. அதைச் சொன்னதும் அவள் கொஞ்சம் அடங்கினாள்.

ஜனவரியில் அந்த ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி ஆட்டம், நமக்கு இரவு எட்டரை. பத்தரைக்குத் தேவராசா ஃபோன் செய்தான். பனியில் பெயர்களை வாசித்தார்கள், முந்நூறு பையும் வெங்காய வாசனையோடு தீர்ந்தது என்றான். ஐம்பத்து இரண்டுக்கு நாலு என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். பக்கத்தில் நின்ற மனைவி யார் ஜெயித்தது என்று கேட்டாள். அதையெல்லாம் கேட்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டு, அடுத்த வருடமும் அந்த நாளை எங்கள் பெயருக்கே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.