படிக்கட்டுக்கு அடியில் ஒரு குடும்பம்

சாய்ந்தமருதில் ஆறே பேர்ச் துண்டுக் காணிக்குள் அச்சிமுகம்மது மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு கட்டினார். பக்கத்தில் பக்கத்தில் அல்ல, ஒன்றின் தலையில் ஒன்றாக. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார்; வீடில்லாத பெண்ணை எட்டியும் பார்க்க மாட்டார்கள். வேறு எங்கே போய்க் கட்டுவது? கிழக்கே கடல். மேற்கே வயல், அதை மண் போட்டு மூடிக் கட்ட விடமாட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இவரைப்போல வயலுக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து ஓடிவந்த சனமும் இந்த ஒற்றை ரோட்டைச் சுற்றித்தான் நெருக்கியடித்துப் பெருகியது. இவர் அங்கே விட்டுவந்த ஐந்து ஏக்கரும் இப்போது காடு.

நாலாமவள் றபீக்காவுக்குத்தான் ஒன்றுமில்லை. இன்னொரு மாடியை அத்திவாரம் தாங்காது என்று மேசன் கையை விரித்துவிட்டான். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அச்சிமுகம்மதுவும் மனைவி ஸம்ஸியாவும் அவளும் படிக்கட்டுக்கு அடியில் பலகை அடைத்து இருந்தார்கள். சாப்பாடு முறை வைத்து: காலையில் கீழ்வீடு, பகலில் நடுவீடு, இரவில் மேல்வீடு. “வாற வருஷம் உனக்கு ஒரு வழி செய்வன்” என்று பெருநாளுக்குப் பெருநாள் மகளிடம் சொல்வார். பொய் சொல்லவில்லை பாவம், நம்பித்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு குடிசன மதிப்பீட்டுக்குக் கஜனி என்ற காரைதீவுப் பிள்ளை வந்தாள்.

“ஒண்டாச் சமைச்சுச் சாப்பிடுறவங்கதான் ஒரு குடும்பம், ஐயா. நீங்க மூணு பேரும் எந்த வீட்டுக் கணக்கு?”

மருமகன்மார் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே! திறந்தால் மூன்று வேளைச் சாப்பாடும் தங்கள் தலையில் விழுந்துவிடும் என்ற பயம். அச்சிமுகம்மதுவுக்கு முகம் சுண்டிப்போனது.

“எங்களத் தனியா எழுதுங்க மகள்.”

“தனியாவெண்டா, தனியாச் சமைக்கணுமே ஐயா.”

றபீக்கா எழுந்து போனாள். கீழ்வீட்டில் சும்மா கிடந்த மண்ணெண்ணெய்க் குக்கர் அடுப்பைத் தூக்கிவந்து படிக்கட்டுக்கு அடியில் வைத்துப் பற்றவைத்தாள். மேலே தேத்தண்ணிக் கேத்தலை ஏற்றினாள்.

“இண்டையில இருந்து இதுதான் எங்கட அடுப்பு. எழுதுங்க.”

அச்சிமுகம்மதுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குடும்பத் தலைவர் யார் என்று கஜனி கேட்டதும் தன் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

“இல்ல வாப்பா” என்றாள் றபீக்கா. “இனி என்ட சம்பளத்திலதான் உலை வைக்கணும். என்ட பேரப் போடுங்க தங்கச்சி. கலியாணம் கட்டல்ல. இனிக் கட்டவும் மாட்டன், அதுக்கும் இடமிருந்தா எழுதுங்க.”

ஸம்ஸியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘வாற வருஷம்’ என்று சொல்ல அச்சிமுகம்மதுவுக்கு நா எழும்பியது. எத்தனை வருஷமாகச் சொன்ன சொல்? அவருக்கே வெட்கமாக இருந்தது. கஜனியின் விரல் கையிலிருந்த டெப் திரையில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

“அடுத்த கணக்கெடுப்பு எப்ப மகள்?”

“பத்து வருஷத்துக்கு ஒருக்கா, ஐயா.”

அவர் விரல்விட்டு எண்ணினார். றபீக்காவுக்கு நாற்பத்திரண்டாகிவிடும்.

“கலியாணம் கட்டல்லெண்டு எழுதினத மாத்துறதெண்டா அப்பதானா?”

கஜனி திரையை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். றபீக்கா கோப்பையை நீட்டினாள்.

“குடியுங்க வாப்பா. நம்மட அடுப்புத் தேத்தண்ணி.”

வாங்கினார். குடிக்காமல் அடுப்போரத்தில் வைத்தார்.