ஸைனம்பு எழும்பிய இடம்

மருதமுனையில் காக்கா என்று நாங்கள் அழைக்கும் மூத்தவர் மீராமுகைதீன் கட்டிய பாட்டுகளெல்லாம் ஒரே நடையில் போகும். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னவன் நான் ஒருவன்தான். எனக்குக் கல்முனைத் தபால் கந்தோரில் வேலை. பள்ளிவாசல் கந்தூரி விழா வந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து றபான் மேளம் அடிப்பேன். அவருடைய ஒரு பாட்டுக்கு அடிக்கப் பழகினால் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்துவிடலாம். என்னைப் போன்ற சோம்பேறிக்கு வசதிதான்.

காரணம் அவருடைய தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நூல் சுற்றிய நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டு, இடுப்பில் கட்டும் சாரம் நெய்வார். அந்தச் சத்தத்தில்தான் அவருக்குச் சொல் வரும். சூறாவளி அடித்த மறு வருடம், பாதிக் கூரை போன வீட்டில் முதல் பாட்டு அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு வருடம் தவறாமல், வலியுல்லாஹ் என்று நாங்கள் சொல்லும் இறைநேசரின் பேரில் நடக்கும் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு ஒரு புதுப் பாட்டு. பகல் முழுக்க நெய்துவிட்டு, இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு மகளின் பழைய கொப்பியில் எழுதுவார். எழுதும்போதே கண் சொருகும்.

"பாட்டுக் கட்டுறது பெரிய காரியமில்ல தம்பி, முழிச்சிருக்கிறதுதான் கரைச்சல்" என்பார்.

எண்பத்தெட்டில் அவர் கால்கள் வீங்கின. இனித் தறிக்குழியில் இறங்கவே கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். வீட்டில் உலை வைக்க வேண்டுமே, மனைவி ஸைனம்பு தறியில் உட்கார்ந்தாள்.

மறு கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருந்தது. காக்கா கடற்கரையில் போய் உட்கார்ந்து பார்த்தார். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதவுச் சட்டத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு வரியும் வரவில்லை. எங்கள் பாட்டுக் குழுவின் தலைவர் முகம்மது தம்பிக்குப் பொறுமை கிடையாது.

"வந்தா வரட்டும் காக்கா. வராட்டி ஒரு சினிமா மெட்டுல நாலு சொல்லப் போட்டுப் பாடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

காக்கா கொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம்தான் சொன்னார்: "வலியுல்லாஹ்ட வாசல்ல இரவல் மெட்டோட எப்பிடித் தம்பி போய் நிக்கிற? அதுக்கு நான் போகாமலே இருப்பன்."

வருடத்தில் அந்த ஒரு நாளைத் தவிர அந்த மனிதருக்கு வேறு என்ன இருந்தது?

வேறு வழி தெரியாமல் ஸைனம்புவின் தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். அவளுடைய நெசவு அவருடையதைப் போல ஓடாது. பத்துத் தரம் நாடா ஓடும், பிறகு நிற்கும். சோறு பொங்கினால் எழும்பிப் போவாள். கோழி உள்ளே வந்தாலும் எழும்பிப் போவாள். திரும்பி வந்து, விட்ட இடத்தைத் தேடி மறுபடியும் மிதிப்பாள். முதல் கிழமை அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் கிழமை பாட்டு வந்தது.

பாடிப் பழகும்போது மூன்றாம் வரியில் எங்கள் கைகள் தடுமாறின. "வாசலில் வந்து நிற்கிறேன்" என்று பாடிவிட்டுக் காக்கா வாயை மூடிக்கொண்டார். றபானையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். நன்றாக ஒரு மூச்சு விட்ட பிறகுதான் மிச்சத்தைப் பாடினார்: "கேட்கிறதா நாயகமே?"

"இதென்ன காக்கா, நடுவுல செத்துப்போகுது?" என்றார் முகம்மது தம்பி.

"அதுல அவ எழும்பிப் போவா. வருமட்டும் காத்திருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. முகம்மது தம்பி கூட இன்னொரு தரம் பாடச் சொன்னார்.

கொடியேற்றத்தன்று பின்நேரம் அந்த இடத்தில் நிறுத்தினோம். சனமும் பேச்சை நிறுத்தியது. கடல் மட்டும் கேட்டது. எத்தனையோ வருடம் றபான் அடித்தவன் நான். அடிக்காமல் வைத்திருந்த கை சிலிர்த்தது அன்றைக்குத்தான். பாட்டுக் கட்டியவர் மருதமுனை மீராமுகைதீன் என்று ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொன்னார்கள்.

கந்தூரிச் சோற்றுப் பொதியோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். ஸைனம்பு பள்ளிக்கு வரவில்லை. சாரங்களை மறுநாளே கொடுத்தாக வேண்டுமாம். காக்கா பொதியை வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வந்தவர் தறிக்குழிக்குள் எட்டிப் பார்த்தார். மிதியின் மேல் இருந்த அவள் கால்கள் அவருடையதைப் போலவே வீங்கியிருந்தன. இத்தனை நாளும் பக்கத்தில் படுத்திருந்து காதால் கேட்டாரே தவிர, அந்தக் கால்களை அவர் பார்க்கவில்லை. வந்து போன நானும்தான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"எழும்பு புள்ள" என்றார். "எனக்கு இனிப் பாட்டு வேணா."

ஸைனம்பு நாடாவை நிறுத்தவில்லை.

"ஆரு இஞ்ச பாட்டுக்கு நெய்யிற? சோத்துக்கெல்லுவா நெய்யிறன். நீங்க கட்டுறதக் கட்டுங்க."