பந்து ரினோஸும் எல்லே ரினோஸும்

தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யாரோ விரலால் 'டொக், டொக்' என்று தட்டிப் பார்க்கின்ற சத்தம் கேட்டால், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான நான் இன்றைக்கும் கையில் எது இருந்தாலும் அப்படியே வைத்துவிடுவேன். என் கூடப்பிறந்த நானாவின் தொலைபேசி இலக்கத்தைத்தான் முதலில் அழுத்துவேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் மதுரங்குளிக்காரர், அந்தப் பின்னேரம் அவர் எங்கள் ஊரில் இருக்கவில்லை.

கற்பிட்டிப் பக்கம் கடல்நீர்க் களப்பை ஒட்டிக் கிடக்கும் எங்கள் சின்ன ஊரில் அப்போது இரண்டு ரினோஸ்கள் இருந்தார்கள். இரண்டு பேருமே ஊர்க் கழகத்தின் பெயர்பெற்ற விளையாட்டுக்காரர்கள். என் நானா உதைபந்தாட்டக்காரன் என்பதால் 'பந்து ரினோஸ்'. மூன்று வீடு தள்ளியிருந்த ஜெஸீமா மாமியின் மகன், மூங்கில் பொல்லால் பந்தை விளாசிவிட்டு வட்டமாக ஓடுகின்ற எல்லே விளையாட்டில் சூரன், ஆகவே 'எல்லே ரினோஸ்'. வாப்பாமாரின் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் பாதிப்பேர் முழிப்பார்கள். பந்தா எல்லேயா என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். பரிசளிப்பில் 'ரினோஸ்' என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒன்றாக எழும்பி, யார் முதலில் மேடைக்குப் போவது என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். பள்ளிவாசலுக்குள் மட்டும் அந்தப் பட்டப்பெயர்களுக்கு இடமில்லை. "பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுறது குர்ஆன்ல தடுத்த விஷயம்" என்று இமாம் ஹஸரத் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கண்டித்ததிலிருந்து, பாங்கு சொல்லும் மோதினார் அந்த ஒலிபெருக்கியில் ஒருவருடைய பட்டப்பெயரையும் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கழகத்தின் இரண்டு அணிகளும் வள்ளத்தில் களப்புக்கு அப்பால் உச்சமுனைக்கு விளையாடப் போயிருந்தன. அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் கச்சான் காற்று எழும்பி, கூரைத் தகரங்களெல்லாம் அடித்துக்கொண்டன. அப்போதுதான் அந்த 'டொக், டொக்'. விளையாடிவிட்டுத் திரும்பிய வள்ளம் கவிழ்ந்துவிட்டதாகப் போன் வந்திருக்கிறது, விளையாட்டு வீரர் ரினோஸை மட்டும் காணவில்லை, வள்ளம் உள்ளவர்கள் உடனே துறைக்கு வரவும், எல்லோரும் துஆ செய்யவும் என்று மோதினார் இரண்டு தரம் சொன்னார். உம்மாவின் கையிலிருந்த தேங்காய்ப்பாதி உருண்டு போய் வாசலில் நின்றது.

ஆம்பிளைகள் எல்லோரும் துறைக்கு ஓடினார்கள். ஜெஸீமா மாமி செருப்பும் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, களப்பைப் பார்த்தபடி உம்மாவோடு பாயில் உட்கார்ந்தா. இரண்டு பேரும் தங்கள் மகன்மாருக்கு மாறி மாறி அழைப்பு எடுக்க, இரண்டு போனிலும் தொடர்பில்லை என்று அதே பொம்பிளை அதே சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்ட புள்ளைக்கு நல்லா நீந்தத் தெரியும்" என்றா உம்மா. "என்டவனுக்கும் தெரியும்தானே" என்றா மாமி. "ரெண்டும் எங்கட புள்ளைகள்தான்" என்று சொல்லி உம்மா மாமியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. நான் கதவுக்குப் பின்னால் நின்று, யா அல்லாஹ், அது எல்லே ரினோஸாக இருக்கட்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, மாமிக்குக் கேட்டிருக்குமோ என்று பயத்தில் செத்தே போனேன். உம்மாவின் உதடும் அசைந்துகொண்டுதான் இருந்தது, மாமியின் உதடும்தான்.

அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. பள்ளிவாசலுக்கு ஓடினேன். ஆளில்லாத பள்ளியில் மோதினார் தனியே கால்முகம் கழுவும் ஹவுள் தொட்டியின் ஓரத்தில் குந்தியிருந்தார். "போன்ல ஆரைச் சொன்னாங்க மோதினார், பந்தா எல்லேயா?" என்று கத்தினேன். அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லே எண்டுதான் சொன்னான் மகள். பள்ளி மைக்ல நான் எப்படி அதைச் சொல்ற?" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அந்த இடத்திலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன், பாவி நான்.

ஓடி வந்த கால் எங்கள் வேலிப் படலையடியில் நின்றுவிட்டது. பாயிலிருந்த இரண்டு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. அழ முயன்று பார்த்தேன், வரவில்லை. ஜெஸீமா மாமி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு உம்மாவின் கைக்குள் இருந்த தன் கையை மெதுவாக இழுத்து எடுத்தா. "சரி மகள், நீ சொல்ல வாணாம்" என்றா.

பொழுதுபட்டு மஃரிபுக்கு நானா நனைந்த உடுப்போடு வந்து சேர்ந்தான். நீந்தத் தெரியாத இரண்டு பேரைக் கவிழ்ந்த வள்ளத்தின் மேல் ஏற்றிவிட்டுத்தான் மற்றவன் தண்ணீரோடு போயிருக்கிறான். அவன் மையித்தை மறுநாள் காலையில் கொண்டுவந்தார்கள்.

இப்போது எங்கள் மைதானத்தில் எல்லே இல்லை. மோதினாரும் மவுத்தாகிவிட்டார், புதியவர் வாப்பா பெயர், ஒழுங்கை, வீடு எல்லாவற்றையும் சொல்லித்தான் எதையும் அறிவிப்பார். நானா அதற்குப்பிறகு பந்தைத் தொடவேயில்லை. ஊரில் ஒரே ரினோஸ் என்றான பிறகு 'பந்து' என்ற சொல்லும் தேவையில்லாமல் கழன்று விழுந்துவிட்டது. ஜெஸீமா மாமி ஒருவர் மட்டும் இன்னும் அதை விடவில்லை. நானா அந்த வழியால் போகும்போதெல்லாம், "பந்து ரினோஸ், சாப்பிட்டியா மகன்?" என்று கேட்பா. அவனும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஓம் மாமி" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். நான்தான் அந்த வேலியடியால் போகும்போது முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.