‘ம்’ கொட்டிய போர்டு

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய பல்லில் விசேஷம் ஒன்றுமில்லை; ஊரில் பாதிப் பேருக்குப் பல் செய்து கொடுத்தவள் அவள்தான். செருப்புக் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படி ஏறிப்போனால் பல் கட்டும் லேப். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்குவாள். அதை மாவுக் குழம்பில் புதைத்து, இறுகியதும் உலையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன குழியில் உலோகத்தை ஊற்றுவார்கள்.

உலை பழையது, பிடிவாதம் பிடித்தது. சூட்டை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மாவு அச்சு வெடித்துவிடும். மற்றவர்கள் வேலைக்கு வரும்போது அது தயாராக இருக்க வேண்டுமென்றால், விடிவதற்கு முன்பே யாராவது போய்ப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்படியாகக் கூட்ட வேண்டும். லேபுக்கு அருகில் குடியிருந்த பாவத்துக்கு அந்த வேலை பல்லக்கா தலையில் விழுந்தது. விழுந்தது அப்படியே நின்றுவிட்டது.

அவள் கணவருக்கு ஐஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். காலையில் அவள் இறங்கும்போது அவர் ஏறுவார்; சாயங்காலம் அவள் ஏறும்போது அவர் இறங்குவார். குடித்தனம் முழுக்க வீட்டு மாடிப்படியில்தான்.

“பால் காய்ச்சி வெச்சிருக்கேன்.”

“ம்.”

“கதவை நல்லா சாத்திட்டுப் படுங்க.”

“ம்.”

லேபில் பல்லுக்குப் பீங்கான் பூசுகிறவருக்கு இது நல்ல தீனி. “இவங்க உலை, அவர் ஐஸு. ரெண்டும் ஒரு நாள் ஒண்ணா உக்காந்தா வெந்நீர்தான் மிஞ்சும்” என்பார்.

ஒரு விடுமுறை நாளில் ஃபோனில் எதையோ தேடப்போனவள், ஒருவர் குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி உள்ளங்கை அளவு வைஃபை போர்டு ஒன்றை வைத்துத் தன் செடிகளுக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்தாள். செடிக்குத் தண்ணீர் விடுவது உலையைப் போடாதா? ஒன்றை வாங்கிவிட்டாள். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, அதற்கான கட்டளைகளைத் தப்பும் தவறுமாக எழுதக் கற்றுக்கொண்டாள். முதலில் ‘பொறு’ என்று எழுதினாள். போர்டு பொறுத்துக்கொண்டு மரமாக நின்றது, இடையில் எது சொன்னாலும் ஏறவில்லை. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு யார் அப்படி நிற்கிறார்கள்? காய் நறுக்கிக்கொண்டே நடுநடுவே எட்டிப் பார்த்து ‘ஆச்சா?’ என்று கேட்பதுதானே வழக்கம்? அதையே போர்டுக்கும் சொல்லிக் கொடுத்தாள். அதன் பிறகு வேலை ஓடியது. இத்தனை மணிக்கு உலை, இவ்வளவு நேரம் மிதமான சூடு, பிறகு கொஞ்சம் கூட்டல், கடைசியில் முழுச் சூடு. எல்லை மீறினால் தானே அணைந்துகொள்ளும் வசதி உலையிலேயே இருந்தது.

முதலாளி அவளைவிட இளையவர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அவள் அங்கே இருப்பதால் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாள்.

“செஞ்சு பாருங்கக்கா. ஆனா ஒரு நாள் சொதப்பினாலும் பழையபடி நீங்கதான் வரணும்” என்றார் அவர்.

உலையைப் போர்டு பார்த்துக்கொண்ட முதல் காலை, வீட்டில் இருவருக்கும் யார் வீட்டுக்கோ விருந்தாளியாகப் போய் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவள் டீ போட்டுக்கொண்டு வந்து அவருக்கு இடப்பக்கம் நின்றாள்.

“சர்க்கரை போடவா?”

“ம்.”

“போதுமா?”

“ம்.”

“இன்னும் கொஞ்சம்?”

“ம்.”

பாகாகிப்போன டீயை அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

“நம்ம மாடிப்படியில யானை ஏறி வருதுங்க.”

“ம்.”

அவள் சுற்றி வந்து வலப்பக்கம் நின்று அதே குரலில் மறுபடி சொன்னாள். அவர் விருட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். “யானையா? என்ன உளர்றே?”

“எத்தனை நாளா இப்படி?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “ஃபேக்டரி மெஷின் சத்தம்தான். கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கிச்சு. எப்பன்னு எனக்கே தெரியல.”

“ஒரு வார்த்தை சொல்லலியே?”

“எங்கே சொல்றது? படிக்கட்டுல பேசறதுக்கு ஒரு காதே ஜாஸ்தி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் படியில் நின்று எவ்வளவோ சொல்லியிருக்கிறாள்: வாடகை, ஜுரம், கோபம், ஒரு சில முறை கொஞ்சல்கூட. அதில் எதெல்லாம் அவரைச் சேர்ந்தது, எதெல்லாம் அந்தக் காதோடு நின்றது?

ஆஸ்பத்திரியில் காது பார்ப்பது காலையில் மட்டும்தான். அடுத்த வாரத்துக்கு நேரம் கொடுத்தார்கள். அதன் பிறகும் பல தடவை வர வேண்டியிருக்கும் என்றார்கள்.

“நானே போயிட்டு வந்துடறேன். உனக்கு எதுக்கு அலைச்சல்?”

“போயி டாக்டர்கிட்டயும் ம் கொட்டிட்டு வருவீங்க. நானும் வரேன்.”

லீவு கேட்டால் தம்பி ஒரு காலைக்குக் கொடுப்பார். அவளுக்கு வேண்டியது ஒரு காலை அல்ல, எல்லாக் காலையும். அந்த எல்லாக் காலையும் இப்போது போர்டின் கையில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து லேபுக்குப் போனவள், கதவைத் திறந்ததுமே தெரிந்துகொண்டாள். அறை குளிர்ந்து கிடந்தது. உலையின் மேல் கை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. இரவில் கரண்ட் போய் வந்திருக்கிறது.

“பாட்டு வாத்தியாருக்குப் பல்லு இன்னிக்குக் குடுக்கறதா சொல்லியிருந்தோமேக்கா” என்றார் முதலாளி. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

“இன்னிக்கு அவர் வகுப்புல பாட்டு வராது, வெறும் காத்துதான் வரும்” என்றார் பீங்கான்காரர்.

அவள் போர்டைக் கம்ப்யூட்டரில் செருகி, அது என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று. பீங்கான்காரர் எட்டிப் பார்த்தார். “அடேயப்பா, உங்க போர்டு எனக்கு அண்ணனா? நான்கூட அப்பப் பொறக்கலியே!”

அந்த மாதிரி போர்டுகள் காலத்தை அந்த நாளிலிருந்துதான் எண்ணும். அதற்கென்று சொந்தக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் வைஃபை வழியாக வெளியே மணி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கரண்ட் வந்ததும் போர்டு துள்ளி எழுந்துவிட்டது. வைஃபை பெட்டி சோம்பேறி, சாவகாசமாக எழுந்தது. போர்டு மணி கேட்டிருக்கிறது. பதில் இல்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, பதில் கிடைத்த பாவனையில் வேலையில் இறங்கிவிட்டது. எழுபதாம் வருஷத்து நடு ராத்திரியில் நின்றுகொண்டு, உலை போட இன்னும் நேரமிருக்கிறது என்று காத்திருந்திருக்கிறது.

அப்படிச் செய்யச் சொல்லி எழுதியவள் அவள்தான். எங்கேயாவது சிக்கி நின்றுவிடுமோ என்ற பயத்தில், ‘பதில் வராவிட்டாலும் மேலே போ’ என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழாததற்குத் தலையாட்டும் அந்த ஆளை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் ஏமாற்றவில்லை. தன்னால் யாருடைய வேலையும் நின்றுவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு முறையும் ‘ம்’ சொல்லியிருக்கிறார். போர்டும் பாவம், அதைத்தான் செய்தது.

“நாளையிலேருந்து பழையபடி வந்துடுங்கக்கா” என்றார் முதலாளி.

“வரேன் தம்பி. ஆனா சரி பண்ணிட்டுக் காட்டுவேன். பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க.”

அந்த வரியை அழித்தாள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு, மணி தெரியாமல் எதையும் தொடாதே என்று எழுதினாள். வெளியே யாருமே பதில் சொல்லாத நாளுக்கென்று, பொத்தான் பேட்டரியில் ஓடும் குட்டிக் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் இணைத்தாள். உலை சூடேறத் தொடங்கியதும் அவள் ஃபோனுக்கு ‘ஆச்சு’ என்று ஒரு செய்தி வர வேண்டும். வராவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எழுந்து ஓட வேண்டும் என்று அர்த்தம்.

வீட்டிலும் சட்டம் மாறியது. படியில் அவரை நிறுத்தி, வலப்பக்கம் போய் நின்றுகொள்வாள். “என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க.”

“பள்ளிக்கூடமா இது? தக்காளி அழுகிடுச்சு, தூக்கிப் போடணும்.”

“தக்காளி இல்ல, தாழ்ப்பாள். கழண்டுடுச்சு, மாட்டணும்.”

“அதானே பாத்தேன், அழுகின தக்காளிக்கு நீ எதுக்கு ஸ்க்ரூடிரைவர் குடுக்கறேன்னு.”

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், லேபில் எல்லோரும் நிற்க, அவள் மெயின் சுவிட்சை இறக்கினாள். சற்று விட்டு ஏற்றினாள். போர்டின் சிறு விளக்கு மினுக்கியது. வைஃபை பெட்டியையும் பிடுங்கி வைத்திருந்தாள். விளக்கு மினுக்கிக்கொண்டே, பதில் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு குட்டிக் கடிகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அடங்கியது. சோதித்துப் பார்ப்பதற்காக அவள் குறித்து வைத்திருந்த நேரம் வந்ததும் ‘டக்’கென்று சத்தம். உலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இன்னொரு தடவை சுவிட்சை இறக்குங்க” என்றார் முதலாளி. இறக்கினாள். “இப்ப நான் இறக்கறேன்” என்று தானே போய் இறக்கினார். பீங்கான்காரர் தனக்கும் ஒரு முறை வேண்டுமென்றார்.

“சரிக்கா. காலையில அவர்கூடவே இருங்க” என்றார் முதலாளி கடைசியில்.

மறுநாள் அவரைக் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது மட்டும் அழுத்த வேண்டும். வெளியே இயந்திரத்தின் முன் ஓர் இளம்பெண். பல்லக்கா அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அவர் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். சுறுசுறுப்பாக, மரியாதையாக அழுத்திக்கொண்டே இருந்தார்.

இளம்பெண் மைக்கில் வலக்காதுக்குப் பேசினாள். “ஐயா, நான் இன்னும் சத்தமே போடல. எதுக்கு அழுத்தறீங்க?”

அவர் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட முகம். அவள் தலையை மட்டும் மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினாள்: வேண்டாம், கேட்காவிட்டால் பரவாயில்லை.

சோதனை மறுபடி தொடங்கியது. வலக்காது முடிந்து இடக்காதுக்கு மாறியது. இளம்பெண்ணின் விரல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பொத்தானின் மேல் அசையாமல் கிடந்தது. உள்ளே போய் அதைத் தானே அழுத்திவிட வேண்டும்போல இருந்தது பல்லக்காவுக்கு. போகவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.