அரை மூட்டை மயில்துத்தம்

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒரு வருடத்துக்குத் தேவைப்படும் செப்பு சல்பேற்று, அதாவது மயில்துத்தம், ஒரு ஜாம் போத்தலில் அடங்கிவிடும். எங்களிடம் இருந்தது அரை மூட்டை.

அது வந்தது ஒரு தைப்பொங்கல் வாரத்தில், வெள்ளிக்கிழமை. தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஸ்டோரைக் காலிசெய்தார்கள். தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்க ஒரு காலத்தில் வாங்கி மிஞ்சிப்போன மயில்துத்தத்தைப் பாடசாலைக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை வந்தார், அதிபர் மாலை போட்டார், மூட்டையை நடுவில் வைத்துப் படம் எடுத்தோம். விஞ்ஞான ஆசிரியை என்பதால் மூட்டைக்குப் பக்கத்தில் நான்.

பாடத்துக்கு நல்ல பொருள்தான். நீலப் பளிங்கைச் சோதனைக் குழாயில் சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீர் போய் வெள்ளைத் தூளாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் எங்களுக்கு அந்தச் சொட்டும் தேவையில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், பாடம் முடிவதற்குள் தூளின் ஓரம் நீலம் பாய்ந்திருக்கும். அதுக்கும் குளிருது போல என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கரண்டியால் எடுக்க வேண்டும், குழாயின் வாயை யார் முகத்துக்கும் நேரே பிடிக்கக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிட்டே வரக் கூடாது, கை கழுவாமல் ரொட்டியைத் தொடக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் சொல்வேன். கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும்; வயிற்றுக்குள் போனால் வாந்தி, அளவு கூடினால் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். எஞ்சிய கரைசலை ஆய்வுகூடத்துக் கழுவுத் தொட்டியில் ஊற்ற நான் விட்டதில்லை. அந்தத் தொட்டியின் குழாய் கட்டிடத்தின் பின்பக்கச் சரிவில் திறக்கிறது. சரிவின் அடியில் ஓர் ஊற்று. கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டச் சனங்கள் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் பிடிக்கும் பீலி அந்த ஊற்றிலிருந்துதான் விழுகிறது.

மூட்டையை, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் இறக்கி, தமிழ், சிங்களம் இரண்டு மொழியிலும் நஞ்சு என்று எழுதி ஆய்வுகூடத்தின் பின்சுவரோரம் வைத்தேன். பிறகு அதை அனுப்பிவிட முயன்றேன். கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை என்றது தோட்டம். பாடசாலைச் சொத்தாகப் பதிந்துவிட்டது, கணக்கெடுப்புக் குழு பதிவிலிருந்து கழித்தால்தான் வெளியே போகலாம் என்றது வலயக் கல்வி அலுவலகம். குழுவும் வந்தது. உடைந்த மேசை கதிரைகளைக் கழித்தது. பீப்பாயைத் திறந்து பார்த்து, பொருள் நல்ல நிலையில் பேணப்பட்டிருக்கிறது என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனது.

போன கார்த்திகையில் மழை விடவில்லை. ரயில் நின்றது, பதுளைக்குப் போகும் பாதையில் மண் விழுந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஆய்வுகூடத்துக்குப் பின்னால் நிலம் கைவிரல் போகும் அகலத்துக்கு வெடித்திருந்தது. மத்தியானத்துக்குள் அதிகாரிகள் வந்து சிவப்பு நாடா கட்டினார்கள். பாடசாலையை மூடினார்கள். கீழ் லயத்துக் குடும்பங்களைக் கோவில் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். மண்டபத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது. சமையலுக்கும் அதே பீலிதான்.

பீப்பாயை மட்டும் வெளியே எடுக்க விடுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு பீப்பாய்க்காக ஒருவரையும் உள்ளே விட முடியாது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மண்டபத்தில் சமையலைக் கவனித்தவர் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா. அவருடைய மகள் என்னிடம் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சர், மேல இருக்கிற மண்ணு வந்தா நாங்களே இருக்க மாட்டோம்," என்றார். "நீங்க தண்ணியப் பத்திக் கவலப்படுறீங்க." சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை விடியும்போது சரிந்தது. பெரிய சரிவு இல்லை, யாருக்கும் ஒன்றுமில்லை. ஆய்வுகூடத்தின் பின்பாதி மட்டும் போய்விட்டது. கோவில் வாசலில் நின்று பார்த்தால் சேற்றில் பீப்பாய் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. மூடி இல்லை. அதன் வாயிலிருந்து ஊற்றுப் பக்கமாக ஒரு நீலக் கோடு இறங்கியிருந்தது. மழை தூறிக்கொண்டேயிருந்தது.

அன்று முழுக்க யாரையும் பீலிக்குப் போக விடாமல் வழியில் நின்றேன். கூரைத் தண்ணீரைப் பிடித்தார்கள். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு வேளைக்குப் போதவில்லை. தண்ணீர் பவுசர் அனுப்புவதாக அதிகாரிகள் சொன்னார்கள், பாதை திறக்கவில்லை. கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே என்றார்கள் பெண்கள். கொதித்தால் கிருமி சாகும், செப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும் என்றேன். சொல்லி முடித்தபோது எனக்கே பாவமாக இருந்தது. எதைக் கேட்டாலும் இல்லை என்கிற ஆளாகிவிட்டேன்.

பீலித் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அமோனியா இருந்தால் கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம். செப்பு அதிகம் இருந்தால் கடும் நீலம் காட்டும். அமோனியாப் போத்தல் மண்ணுக்குள். கடைசியில் ஓர் இரும்பு ஆணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பீலித் தண்ணீர் நிரப்பிய கிளாசில் இரவு போட்டு வைத்தேன். செப்பு இருந்தால் ஆணியில் செந்நிறமாகப் படியும். மறுநாள் காலையில் அந்த அம்மாதான் முதலில் பார்த்தார்.

"செவந்திருச்சே டீச்சர்."

"இது துருங்க. துரு எந்தத் தண்ணியிலயும் பிடிக்கும்."

"அப்ப செம்பு இல்லயா?"

நிறைய இல்லை என்றேன். கொஞ்சமாக இருந்தால் ஆணிக்குத் தெரியாது என்றும் சொன்னேன். சுகாதாரப் பரிசோதகர் நடந்தே வந்து ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு போயிருந்தார். அது பதுளைக்குப் போய், அங்கிருந்து இன்னோர் இடத்துக்குப் போய், முடிவு வர வேண்டும். நான் இதை எழுதும்வரை வரவில்லை.

மண்டபத்துக்குள் சின்னப் பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழத் தொடங்கியிருந்தார்கள். அந்த அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். கோபம் இல்லை, களைப்புத்தான்.

"குடிக்கலாமா, வேணாமா? ஒண்ணு சொல்லுங்க டீச்சர். நீங்க சொல்றதக் கேக்குறோம்."

வேண்டாம் என்றால் வேறு தண்ணீர் காட்ட வேண்டும். குடிக்கலாம் என்று சொல்ல என்னிடம் ஓர் ஆணிதான் இருந்தது. செப்புக் கசப்பு நாக்குக்குத் தெரியும், வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடச் சொல்லுங்கள், பிள்ளைகள் யாராவது வாந்தி எடுத்தால் உடனே என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். வழியை விட்டு விலகினேன். அவர் பீலிக்கு இறங்கினார். மற்றக் குடங்களும் பின்னால் போயின.

தேநீர் ஊற்றி முதல் கோப்பையை என்னிடம்தான் நீட்டினார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன். கசந்தது. வெறும் தேயிலைக் கசப்பா, செப்புக் கசப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.