மிக்சிக்குப் பதிலாக ஒரு விமானச் சீட்டு

என் கணவர் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். கம்பெனி அவரை அடிக்கடி மஸ்கட்டுக்கும் தோகாவுக்கும் வேலைக்கு அனுப்பும். ஒருமுறை விமானத்தில் ஏதோ படிவம் கொடுத்தார்கள். கூட வந்தவர்கள் அதைச் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்க, இவர் மட்டும் எடுத்துவந்து, ஆபீசில் ஒருவரைக் கொண்டு நிரப்பி அனுப்பினார். ஒரு கார்டு வந்தது. அதன்பிறகு பறக்கும் தடவையெல்லாம் அதில் பாயிண்ட் ஏறியது. ஏதாவது பயணம் விட்டுப்போனால் போர்டிங் பாஸ் துண்டைத் தபாலில் அனுப்பி, ஏற்றும்வரை விடமாட்டார். அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நானும் அந்த ரகம்தான். மார்த்தாண்டம் சந்தைக்குப் போவதென்றால் எங்கள் பாறசாலையில் கேரளத்து பஸ் ஏறமாட்டேன். இஞ்சிவிளை வழியாக எல்லையைத் தாண்டி களியக்காவிளைக்கு நடந்துபோய்த் தமிழ்நாட்டு பஸ்ஸைப் பிடிப்பேன். அதில் டிக்கெட் குறைவு. மழையில் நனைந்துகொண்டு என் பின்னால் வந்த மகள், கல்யாணமாகிப் போகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தார்.

"அந்த பாயிண்டு உண்டில்லியா, இந்த ஜூலைக்குள்ள எடுக்காட்டா போயிடும். ஒரு ஆளுக்கு வந்துபோக டிக்கெட் கிட்டும்."

"அப்போ நீங்க லீவுக்கு வாங்கோ."

"லீவுக்குக் கம்பெனி தருமே. இது உனக்காக்கும்."

நான் நெய்யாற்றின்கரைக்கு அப்பால் தனியாகப் போனதில்லை. விமானம் என்றதும் பேச்சை மாற்றப் பார்த்தேன். பாயிண்டுக்குச் சாமான்களும் கொடுப்பார்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

"மிக்சி ஒண்ணு எடுத்திருங்க. இஞ்ச இருக்கது சத்தம் போடுது."

அவர் பேசவில்லை. அந்தப் போனுக்கு ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர் போனில் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

"மிக்சி வேண்டாம்," என்றார் கடைசியில். "நீ வா."

ஜூலையில் போவதற்கு அவரிடம் காரணம் இருந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கிருக்கும் குடும்பங்கள் எல்லாம் ஊருக்கு வரும் மாதம் அது. இங்கிருந்து அங்கே போகிற விமானம் காலியாக இருக்கும். பாயிண்டுக்குச் சீட்டு அப்போதுதான் எளிதில் கிடைக்கும். அவருக்குத் தெரிந்த நெய்யாற்றின்கரைக் குடும்பம் ஒன்றும் லீவுக்கு வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றி, கண்ணாடித் தொட்டியில் உள்ள மீன்களுக்குத் தீனி போட்டால் போதும், அவர்கள் பிளாட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று சாவியைக் கொடுத்தார்கள்.

காரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து வீட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டாள். பெட்டியைக் கொப்பரைக் கடைத் தராசில் இரண்டு தடவை நிறுத்தோம். உணக்கின மரச்சீனிக் கிழங்கும் பூவாரிலிருந்து வாங்கின கருவாடும் அனுமதித்த எடையை ஒட்டி நின்றன. விமானத்தில் மூன்று சீட்டுக்கு நான் ஒருத்தி. பக்கத்தில் ஆளில்லாதது எனக்குப் பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் கைப்பிடியைப் பிடித்தே போய்ச் சேர்ந்தேன்.

வெளியே அவர் நின்றார். நான் பார்த்திராத ஒரு சட்டை. டாக்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள், அவர் என் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். அடுப்பைத் திறந்ததுபோல் காற்று. பஸ்ஸுக்குள் குளிர்ந்தது, ஆனால் முன்வரிசைகள் பெண்களுக்கு மட்டும். அவர் பின்னால் போய் நின்றார். இறங்கும் இடம் வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டுவார், இடம் இன்னும் வரவில்லை என்று.

அந்த பிளாட்டில் முதல் நாள் காலையில் கண்ணைத் திறந்தபோது, இருட்டில் யாரோ சத்தமில்லாமல் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்தான். எட்டுப் பேர் படுக்கும் அறையில் மற்றவர்களை எழுப்பாமல் கிளம்பிப் பழகியவர். லைட்டைப் போட்டேன். அவர் பதறி அணைக்கப் போனார்.

"இஞ்ச யாரு உண்டு, நானும் நீங்களுந்தானே," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சாயா அவரே போட்டார். நன்றாகப் போட்டார். அவருக்குச் சாயா போடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது வீடு நிறைய ஆள் இருக்கும். சொந்தக்காரர்கள், விசா கேட்டு வருகிறவர்கள், சாமான் கொடுத்தனுப்பியவர்களின் வீட்டார். அந்த ஆட்களுக்கு நடுவில் அவரை நான் ஒரு விருந்தாளியைப் போலத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது மாலை ஐந்து மணிக்கு வந்தால் கதவைத் திறக்க நான் மட்டும்.

செலவில்லாமல் ஊர் பார்க்க அவரிடம் வழிகள் இருந்தன. அதில் எனக்குப் பிடித்தது படகு. ஊரை இரண்டாகப் பிரித்துக் கடல் உள்ளே வந்து கிடக்கிறது. அரைத் திர்ஹம் கொடுத்தால் அக்கரை. பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் இடத்து வாசம் அங்கேயும் கொஞ்சம் இருந்தது. படகில் பெண்களுக்குத் தனி வரிசை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"நான் முதல்ல வந்தது கப்பல்லயாக்கும், பம்பாய்ல இருந்து," என்றார். "அது பிளேனைவிட லாபம்."

தெரியும் என்றேன். நான் புது மருமகள் அப்போது. ஜன்மி என்கிற நிலச்சொந்தக்காரரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடும்பம் அவர்களுடையது. குடியிருப்பவருக்கே நிலம் என்று சட்டம் வந்து, குடியிருந்த பத்து சென்ட் மாமனார் பெயருக்கு ஆகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

"போற செலவுக்கு அதில அஞ்சு சென்ட் விக்கச் சொன்னேன். அப்பா மாட்டேன்னாரு. நின்ன ரெண்டு பிலாமரத்தை வெட்டி வித்துத் தந்தாரு. எனக்கு அந்தக் கோவம் கொறே நாள், வருசக்கணக்கா உண்டாயிருந்து. லெட்டர்ல அப்பாவுக்க சுகம் கேட்டு ஒரு வரி எழுதல்லே. டைம் இல்லேன்னு சொன்னதெல்லாம் பொய்யாக்கும்."

மாமனார் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"அவருக்கு வாசிக்கத் தெரியாதில்லியா, லெட்டர் வந்தா என்னை வாசிக்கச் சொல்லுவாரு. நான் ஒரு வரி சேத்து வாசிப்பேன். அப்பாவுக்கு சுகந்தானே, மருந்து முடக்கண்டாம், தெனமும் குடிக்கணும், அப்படி."

படகு கரையில் முட்டியது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை, எனக்கும் சேர்த்து மறுபடி காசை நீட்டினார். போனோம், வந்தோம், மறுபடி போனோம். "எல்லாத்தையும் நம்பினாரா?" என்று ஒருமுறை கேட்டார். "உங்க கையெழுத்துதானே," என்றேன்.

நான் கிளம்ப மூன்று நாள் இருக்கையில் மஞ்சள் மீன் ஒன்று செத்து மிதந்தது. அந்த வீட்டுக் குழந்தையின் மீன். இருவரும் குற்றவாளிகள்போல் நின்றோம். தீனி அதிகம் போட்டது நான்தான். அவர் அன்றைக்கு லீவு எடுத்தார். ஏழு கடை ஏறி இறங்கி, அதே அளவில், வாலில் அதே வெள்ளையோடு ஒன்றைக் கண்டுபிடித்தோம். விலையைக் கேட்டதும் நான் கடைக்கு வெளியே போய்விட்டேன்.

மீன் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு என் கையில். மதிய வெயில். பஸ்ஸுக்கு நின்றால் அது வெந்துவிடும்.

"டாக்சி பிடிப்பம்," என்றார்.

பின்சீட்டில் நாங்கள் இருவரும். மடியில் மீன். சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. அவர் மீட்டரைப் பார்க்கவேயில்லை. நான் பார்த்தேன், பிறகு நானும் விட்டுவிட்டேன். அந்தச் சாலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நான் ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து அவர் கூப்பிட்டார். பிளாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்களாம்.

"குழந்தை கண்டுபிடிச்சுதா?"

"மீன் கொஞ்சம் தடிச்சுப்போச்சுன்னு சொல்லிச்சு. மாமி நல்லா சோறு போட்டாங்களான்னு கேட்டுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்," என்றார்.