மாடு வாய் வைக்காத புல்

அந்தத் தெருவில் அவளைப் பால்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மேய்ச்சல் நிலமும், அண்ணன் கொண்டுவந்து கட்டிய இரண்டு மாடுகளும்தான்.

"மழைக்காலம் முடியறதுக்குள்ள இதுங்க உடம்பு தேறலன்னா திருப்பி ஓட்டிட்டுப் போயிடுவேன். வாயில்லா ஜீவனைப் பட்டினி போட எனக்கு மனசு வராது" என்று அவன் அன்றே சொல்லிவிட்டான்.

நிலமோ கட்டாந்தரை. சாணத்தைக் குவித்து மக்க வைத்துத்தான் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மக்கும்வரை காத்திருக்க அவளுக்கு ஏது காலம்? மாடுகளுக்கு வைக்கோலைப் போட்டுக் கொட்டிலில் கட்டிவைத்து, விழுந்த சாணத்தை விழுந்த சூட்டோடு கூடையில் அள்ளிப்போய்க் கையாலேயே இறைத்தாள். மழை பெய்து புல் தலைகாட்டிய பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. ஆசை யாரை விட்டது? மேலும் மேலும் இறைத்தாள்.

புல் கருகருவென்று முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் வேலியோரம் நின்று, "உங்க மாடு திங்கலன்னா சொல்லுங்கக்கா, நானே எறங்கி மேஞ்சுடறேன்" என்றார். வெகுநாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் மாடுகளை அவிழ்த்துவிட்டாள். பெரியது மூக்கை நீட்டி மோந்தது, தும்மியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. சின்னதும் அப்படியே. தன் சாண வாடை அடிக்கிற புல்லில் மாடு வாய் வைக்காது, வாடை போக இன்னும் பல வாரம் ஆகும் என்று பால் எடுக்க வந்தவர் சொன்னார். வைக்கோலோ தீர்ந்துவிட்டிருந்தது. புல்லை அறுத்துப் போட்டாள். அலசிப் போட்டாள். பெரியதின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எனக்காக ஒரு வாய் தின்னுடீ" என்று கெஞ்சினாள். அது பசியோடு அவளையே பார்த்தது.

சொன்னபடி அண்ணன் வந்தான். விலா எலும்பு தெரிகிற மாடுகளையும், அவற்றைச் சுற்றி அலையடிக்கிற புல்லையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டியிருந்தாலாவது அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

"உன் மேல தப்பில்லம்மா" என்று மட்டும் சொல்லிக் கயிற்றை அவிழ்த்தான். அதில்தான் அவள் உடைந்துபோனாள்.

அழுதபடி தெருமுனை வரை பின்னாலேயே நடந்தாள். அங்கே சாக்கடையோரம், யாரும் உரம் போடாத, மிதிபட்ட நாலு புல். இரண்டு மாடுகளும் அதில் பாய்ந்து, வேரோடு பிடுங்கி மென்றன. அண்ணன் அதட்டிக் கயிற்றைச் சுண்டினான்.

"இழுக்காத அண்ணே" என்றாள் அவள். "திங்கட்டும்."